பழைய சென்டர் கன்சோல் படகு வாங்கும் முன்: ஃபுளோரிடாவில் குடும்பத்தோடு கடலுக்குப் போவோருக்கான முழு வழிகாட்டி

ஃபுளோரிடாவில் பழைய படகு வாங்கக் கிளம்பும் நம்மவர்களில் பெரும்பாலோர் விளம்பரப் படத்திலிருந்தே தொடங்குகிறார்கள். படகு பளபளவென்று இருக்கிறது, மோட்டார் பெயர் பெற்ற கம்பெனியுடையது, விலையும் கைக்கு எட்டுகிறது என்றதும் முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். எந்தக் கடலுக்கு, எத்தனை பேரோடு, எந்த வண்டியில் கட்டி இழுத்துப் போவது என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வருகிறது. என் முதல் படகை நானும் அப்படித்தான் வாங்கினேன். பின்னர் நண்பர்களுக்காகப் பல படகுகளைப் போய்ப் பார்த்ததில், விவரம் தெரியாமல் ஏமாறுவதைவிட வரிசை மாறிச் செய்து ஏமாறுவதே அதிகம் என்று கண்டேன்.

சென்டர் கன்சோல் என்பது ஸ்டியரிங் மேடை நடுவில் நிற்க, அதைச் சுற்றி நான்கு பக்கமும் நடக்க இடம் விட்ட திறந்த படகு. தூண்டிலில் சிக்கிய மீன் படகைச் சுற்றி ஓடினால் நாமும் தடையின்றிச் சுற்றி வரலாம். மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க அறை இராது. இங்கே சொல்வதெல்லாம் 20 முதல் 25 அடி வரையுள்ள, பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டார் பொருத்தி, டிரெய்லரில் வைத்து இழுக்கும் படகுகளுக்குப் பொருந்தும்.

1. முதலில் கடலைத் தேர்ந்தெடுங்கள்

பாம் பீச் பக்கத்து அட்லாண்டிக் கரையிலிருந்து ஓரிரண்டு மைல் போனாலே நூறு அடிக்கு மேல் ஆழம் வந்துவிடும். வளைகுடா நீரோட்டமும் சில மைல்களில் எட்டிவிடும். மேற்குக் கரையில், டாம்பா, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கம், அதே நூறு அடி ஆழத்தைத் தொட ஏறத்தாழ முப்பது மைலுக்கு மேல் ஓட வேண்டும். ஆகவே மேற்கே எரிபொருள் கொள்ளளவும் நீண்ட ஓட்டத்தின் சொகுசும் முக்கியம்; கிழக்கே முகத்துவாரத்தைத் தாண்டும் திறன் முக்கியம். ஜூபிடர், ஹாலோவர் போன்ற இன்லெட்டுகளில் கிழக்கிலிருந்து கொண்டல் வீசும்போது ஓதமும் (கடல்நீரின் ஏற்றவற்றம்) வெளியே வடிந்தால், காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக மோதிச் செங்குத்தான அலைகள் எழும்.

இதை வைத்துத்தான் படகின் அடிப்பாக வி கோணத்தை, அதாவது அடிப்பாகம் ஆங்கில V போலச் சரியும் அளவை, முடிவு செய்ய வேண்டும். மோட்டார் மாட்டும் பின்பலகையை ஒட்டி 24 பாகையளவு கூர்மையாக உள்ள அடிப்பாகம் அலையை வெட்டிக்கொண்டு போகும். ரெகுலேட்டர் கம்பெனிப் படகுகளில் 24 பாகை, கன்டெண்டரில் 24.5 பாகை. ஆனால் அதே படகு நின்றவுடன் பக்கவாட்டில் ஆடும்; ஓட்டத்துக்கு அதிகக் குதிரைத்திறனும் எரிபொருளும் கேட்கும். 15 முதல் 18 பாகை வரையுள்ளவை நிற்கும்போது நிலையாக இருக்கும், குறுகிய அலைகளில் ஓடும்போது முதுகெலும்பு அதிர அடிக்கும்.

குடும்பத்தோடு போகிறவர்கள் ஓடும் நேரத்தைவிட நின்று மீன் பிடிக்கும் நேரமே அதிகம். வாந்தியும் நிற்கும்போதுதான் வருகிறது. எனவே, தினமும் நாற்பது மைல் ஓடும் எண்ணம் இல்லையென்றால், 20, 21 பாகைதான் என் தேர்வு.

2. ஆட்களையும் எடையையும் தாளில் எழுதுங்கள்

20 அடிக்குக் குறைந்த படகுகளில் எத்தனை பேர், எத்தனை பவுண்டு ஏற்றலாம் என்று கூறும் கொள்ளளவுத் தகடு இருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு மேற்பட்ட நீளத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தகட்டில் எட்டுப் பேர் என்று இருந்தாலும், எட்டுப் பேரும் ஐஸ் பெட்டியும் ஏறினால் தூண்டில் வீச இடம் இராது. தகட்டு எண்ணில் இரண்டு, மூன்று பேரைக் கழித்துக்கொள்வதே நடைமுறை.

அடுத்து, யாரும் வாய்விட்டுக் கேட்காத, ஆனால் பயணத்தையே தீர்மானிக்கும் விஷயம் கழிப்பறை. கன்சோலுக்கு உள்ளே ஒரு சிறு கழிப்பறைக்கு இடம் பெரும்பாலும் 21, 22 அடிக்கு மேற்பட்ட படகுகளில்தான் கிடைக்கும். அது இல்லாத படகில் பெண்களும் குழந்தைகளும் இரண்டாம் முறை வரமாட்டார்கள். வந்தாலும் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வாடுவார்கள். தலைக்கு மேல் டி-டாப் கூரை, நான்கு வயதுக் குழந்தையின் மார்பளவுக்காவது உயர்ந்த பக்கச் சுவர், அணியத்தில், அதாவது முன்பக்கம், மெத்தை இருக்கை ஆகியவற்றையும் இப்போதே பட்டியலில் சேருங்கள். பிறகு பொருத்திக்கொள்ளலாம் என்று விட்டால், டி-டாப்பிற்கு மட்டுமே சில ஆயிரம் டாலர் போகும்.

இழுக்கும் வண்டிக்கு வருவோம். 22 அடிப் படகின் வெற்று எடை சுமார் 3,000 பவுண்டு. மோட்டார் ஏறத்தாழ 500. ஒரு கேலன் பெட்ரோல் சுமார் 6 பவுண்டு என்பதால் 80 கேலனுக்கு 500 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. டிரெய்லர் ஆயிரத்துக்கு மேல். சாமான்களோடு 5,500 பவுண்டை எளிதில் தாண்டும். நம் வீடுகளின் வாசலில் நிற்கும் சியன்னா, ஒடிசி மினிவேன்கள் அதிகபட்சம் 3,500 பவுண்டு இழுக்கக் கூடியவை. வண்டி மாற்ற வேண்டுமென்றால் அந்தச் செலவும் படகின் விலையில் சேர்ந்ததே.

3. கையிலுள்ள பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி வையுங்கள்

மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கை விலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது நான் மீறி வருந்திய விதி. பேட்டரி, டயர், தண்ணீர்ப் பம்ப் இம்பெல்லர், உயிர்காப்புக் கருவிகள், காப்பீடு, விற்பனை வரி எல்லாம் முதல் மாதத்திலேயே வரிசையாக வந்து நிற்கும். ஃபுளோரிடாவில் விற்பனை வரி 6 சதவீதம். அதற்கு மேல் கவுன்டியின் கூடுதல் வரியும் உண்டு.

4. நேரில் போவதற்கு முன் தொலைபேசியில் கேளுங்கள்

உரிமைப் பத்திரம் விற்பவரின் பெயரில் அவர் கையில் இருக்கிறதா, கடன் பாக்கி உண்டா, படகு தண்ணீரில் கட்டி வைக்கப்பட்டதா டிரெய்லரில் இருந்ததா, புயலில் அடிபட்டதா, பராமரிப்பு ரசீதுகள் உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பரில் இயன் புயலும், 2024-இல் ஹெலினும் மில்டனும் மேற்குக் கரையில் எண்ணற்ற படகுகளை மூழ்கடித்தன. அவற்றில் சில கழுவிப் பூசப்பட்டுச் சந்தைக்கு வருகின்றன.

ஹல் (படகின் உடல்) அடையாள எண்ணையும் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். அது பின்பலகையின் வலப்பக்க மேல்மூலையில் 12 எழுத்துகளாக இருக்கும். முதல் மூன்று தயாரிப்பாளரின் குறியீடு, அடுத்த ஐந்து வரிசை எண், கடைசி நான்கு காலம். டி415 என்று முடிந்தால் 2014 ஏப்ரலில் கட்டப்பட்ட 2015 மாடல் என்று பொருள், ஏனெனில் ஆங்கில நான்காம் எழுத்து நான்காம் மாதத்தைக் குறிக்கிறது. விளம்பரம் 2017 என்று சொல்ல, எண் வேறு சொன்னால் பெட்ரோல் செலவு மிச்சம்.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: நான் வரும் வரை மோட்டாரை இயக்க வேண்டாம். இதன் காரணம் ஏழாம் பகுதியில் வரும்.

5. படகின் உடல்: மோட்டாருக்கு முன் இதைப் பாருங்கள்

மோட்டாரை மாற்றலாம், உள்ளே உளுத்துப்போன ஃபைபர் உடலை மாற்ற முடியாது. இருந்தும் வருகிறவர்கள் எல்லாரும் நேரே மோட்டாரின் மூடியைத்தான் திறக்கிறார்கள்.

முதலில் பின்பலகை. பல பழைய படகுகளில் அதன் ஃபைபர் தோலுக்கு நடுவே ஒட்டுப்பலகை இருக்கிறது. மோட்டார் போல்ட், ஆழமானியின் திருகு, நீரேற்றக் குழாய் என்று யாரோ எப்போதோ போட்ட துளையைச் சரியாக அடைக்காமல் விட்டால், அதன் வழியே நீர் இறங்கிப் பலகை மக்கிவிடும். பிளாஸ்டிக் தலையுள்ள சிறு சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். நல்ல இடம் கணீரென்று கூர்மையாக ஒலிக்கும். ஊறிய இடம் மொத்தென்று கேட்கும். பிறகு மோட்டாரைப் பாதி உயர்த்தி, அதன் கீழ்நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்து, இன்னொருவரைப் பின்பலகையைக் கவனிக்கச் சொல்லுங்கள். பலகை அசைந்தாலோ, போல்ட்டைச் சுற்றிய விரிசல் திறந்து மூடினாலோ, பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, தளம். செருப்பைக் கழற்றி வெறுங்காலோடு முழுப் படகையும் மெதுவாக நடந்து பாருங்கள். மென்மையாக அமுங்கும் இடம் பாதத்துக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. டி-டாப் கால்கள் தளத்தில் ஊன்றும் இடத்திலும், ஓட்டுநர் சாயும் இருக்கையின் அடியிலும் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். மேல்பூச்சில் மயிரிழை போலச் சிலந்தி வலையாய்ப் பரவியவை பெரும்பாலும் தோற்றக் குறைதான். ஒரே கோடாக நீண்டு ஓடும் விரிசல் அடியிலுள்ள தாங்குகட்டை அசைவதன் அறிகுறி.

மூன்றாவது, ஊறிய நுரை. தளத்துக்கு அடியில் மிதப்புக்காக அடைத்த நுரை நீரைக் குடித்திருந்தால், படகு நூற்றுக்கணக்கான பவுண்டு கனக்கும். இதை வெளியிலிருந்து காண வழியில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் நெடுஞ்சாலை ஓரத்து லாரி எடைமேடையில் படகை ஏற்றி, டிரெய்லர், மோட்டார், எரிபொருள் எடைகளைக் கழித்து, தயாரிப்பாளர் கூறும் வெற்று எடையோடு ஒப்பிட்டால் போதும். சில டாலர் செலவில் இவ்வளவு தெளிவாகப் பேசும் சோதனை வேறில்லை.

டிரெய்லரிலேயே இருந்ததாகச் சொல்லப்பட்ட படகின் அடியில் பாசி தடுக்கும் பெயின்ட் இருந்தால், ஏன் என்று கேளுங்கள். தண்ணீரில் கிடந்த காலத்தின் கொப்புளங்களையும் பழுது பார்த்த இடங்களையும் அந்தப் பெயின்ட் மறைத்துவிடும்.

6. எரிபொருள் தொட்டி: பலர் தவறவிடும் இடம்

இந்த அளவுப் படகுகளில் தொட்டி பெரும்பாலும் அலுமினியத்தாலானது. தளத்துக்கு அடியில் புதைந்திருக்கும். அதைச் சுற்றியுள்ள நுரையோ, தேங்கும் உப்புநீரோ அலுமினியத்தை ஊசிமுனைத் துளைகளாக அரித்துவிடும். தொட்டியை மாற்றுவதற்குத் தளத்தையே அறுத்து எடுக்க வேண்டும் என்பதால் செலவு பல ஆயிரம் டாலருக்குப் போகும். என் நண்பர் ஒருவர் வாங்கிய அழகான 23 அடிப் படகில் இரண்டாவது வாரம் பெட்ரோல் வாடை வந்தது. அந்தக் கோடை முழுவதும் படகு பட்டறையில் கிடந்தது.

தளத்தில் உள்ள வட்ட மூடிகளைத் திறந்து, அளவுமானி பொருத்திய இடத்தையும் குழாய் இணைப்புகளையும் விளக்கடித்துப் பாருங்கள். வெள்ளைப் பொடியாகப் பூத்திருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. மூக்கை நம்புங்கள்: மூடி வைத்திருந்த அறையைத் திறந்தவுடன் வாடை வருவது எந்தப் படகிலும் இயல்பல்ல. பத்து ஆண்டுக்கு மேற்பட்ட படகென்றால், தொட்டியைக் காற்றழுத்தத்தில் சோதிக்க மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

ரப்பர் குழாய்களின் மேல் தரக்குறியீடும் தயாரித்த ஆண்டும் அச்சிட்டிருக்கும். குழாயை மடக்கும்போது வெடிப்பு தெரிந்தால் மாற்றியாக வேண்டும்.

7. மோட்டார்

குளிர்ந்த நிலையிலேயே கிளப்ப வேண்டும். நோயுள்ள மோட்டார் முதல் கிளப்பலில்தான் திணறும். அரைமணி முன்பே சூடாக்கி வைத்தால் நல்லதும் கெட்டதும் ஒன்றுபோல் ஓடும். மூடியைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

அதன்பின் ஒரு மெக்கானிக்கிற்குப் பணம் கொடுத்து மூன்று வேலைகளைச் செய்யச் சொல்லுங்கள். ஒன்று, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பது: எண்கள் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டு, புரொப்பெல்லரைச் சுழற்றும் பற்சக்கரங்கள் உள்ள கீழ்ப்பெட்டியின் எண்ணெயை வடித்துப் பார்ப்பது: பால் கலந்தது போல் இருந்தால் சீல் வழியே நீர் புகுந்திருக்கிறது, பெரும்பாலும் புரொப்பெல்லர் தண்டில் சுற்றிக்கொண்ட தூண்டில் நரம்பு சீலை அறுத்திருக்கும். மூன்று, கணினியை இணைத்து மோட்டாரின் நினைவகத்தைப் படிப்பது. அதில் மொத்த மணிநேரம் மட்டுமின்றி, எந்தச் சுழற்சி வேகத்தில் எத்தனை மணி ஓடியது, எப்போதாவது மிகையாகச் சூடேறியதா என்பதும் தெரியும்.

குறைந்த மணிநேரம் என்பதைப் புகழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்து ஆண்டில் 120 மணி ஓடிய மோட்டார் ஓடாமலேயே கிடந்திருக்கிறது: உள்ளே உப்பு உறைந்திருக்கும், எத்தனால் கலந்த பெட்ரோல் நீரை ஈர்த்துக் கெட்டிருக்கும், ரப்பர் பாகங்கள் இறுகியிருக்கும். ரசீதுகளோடு 700 மணி ஓடியதை நான் அதைவிட நம்புவேன்.

எவின்ரூட் மோட்டார் பொருத்திய படகுகள் மலிவாகக் கிடைக்கும். பிஆர்பி நிறுவனம் 2020 மே மாதத்தில் அந்த உற்பத்தியை நிறுத்திவிட்டதே காரணம். மோட்டார் நன்றாகவே ஓடலாம். உங்கள் ஊரில் அதைப் பழுது பார்ப்பவர் உண்டா என்று விசாரித்த பிறகே விலை பேசுங்கள்.

8. மின்கம்பிகளும் பில்ஜ் பம்பும்

கன்சோலின் கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டுங்கள். வெள்ளீயம் பூசிய கடல்தரக் கம்பிகள், ஒழுங்காகக் கட்டப்பட்டு, பியூஸ் பெட்டிக்குப் போகின்றனவா, அல்லது வீட்டுக் கம்பியும் மின்நாடாவுமாகச் சிக்கிக் கிடக்கின்றனவா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பழைய உரிமையாளரின் குணமே அங்கே எழுதியிருக்கும். அங்கே அலட்சியம் என்றால் காணாத இடங்களிலும் அலட்சியமே.

படகின் அடியில் (பில்ஜ்) சேரும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பின் மிதவை விசையைக் கையால் உயர்த்திப் பாருங்கள். படகு ஆளில்லாமல் நிற்கும்போது அதைக் காப்பாற்றுவது அந்தச் சிறு மிதவைதான் என்பதால், பிரதான சுவிட்சை அணைத்த பிறகும் அது வேலை செய்ய வேண்டும்.

9. டிரெய்லர்

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஆறு ஆண்டைத் தாண்டினால், தேயாவிட்டாலும் மாற்றுங்கள். கோடையில் நெடுஞ்சாலையில் வெடிப்பவை இவைதான். சக்கரத்தை உயர்த்திச் சுழற்றிப் பேரிங் உரசும் ஒலி வருகிறதா என்று கேளுங்கள். ஃபுளோரிடாவில் சுமையோடு 3,000 பவுண்டைத் தாண்டும் டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம், ஆனால் உப்புநீரில் இறங்கி ஏறும் பிரேக்குகளில் பாதி, பெயருக்குத்தான் இருக்கின்றன.

10. கடலோட்டம்: குடும்பத்தை ஏற்றிக்கொண்டு

விற்பவரோடு தனியாகப் போய் அமைதியான கால்வாயில் ஒரு சுற்றுச் சுற்றி வருவது கடலோட்டம் ஆகாது. சோதனை ஓட்டமும் சர்வேயும் (படகை ஆராயும் நிபுணரின் பரிசோதனை) சரியாக அமைந்தால் மட்டுமே வாங்குவேன், இல்லையேல் முன்பணம் திரும்பும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, முன்பணம் கொடுத்து, சற்றே காற்றுள்ள நாளைத் தேர்ந்தெடுங்கள். தொட்டி நிறைய எரிபொருளும் வழக்கமாக வரும் ஆட்களும் இருக்க வேண்டும்.

முதலில் நிறுத்தி வைத்து, எல்லாரையும் அமரத்தில், அதாவது பின்பக்கம், வந்து நிற்கச் சொல்லுங்கள். தளத்திலுள்ள வடிகால் துளைகள் வழியே நீர் உள்ளே ஏறிக் கணுக்காலை நனைத்தால், மீன் சிக்கியதும் எல்லாரும் பின்னால் ஓடி வரும் உண்மையான நாளில் அதுவே நடக்கும். பிறகு எல்லாரையும் ஒரே பக்கம் நிற்கச் சொல்லிச் சாய்வைப் பாருங்கள்.

அடுத்து முழு வேகம். தயாரிப்பாளர் கூறிய அதிகபட்சச் சுழற்சி எல்லையை மோட்டார் தொட வேண்டும். 5,000 முதல் 6,000 வரை என்றிருக்க, 4,600-ஐத் தாண்ட மறுத்தால், புரொப்பெல்லர் பொருந்தவில்லை, அல்லது மோட்டாருக்கு மூச்சில்லை, அல்லது உடல் நீரில் ஊறியிருக்கிறது. அங்கிருந்து சாதாரண வேகத்துக்கு இறக்கி, ஒரு கேலனுக்கு எத்தனை மைல் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எரிபொருளில் போக மூன்றில் ஒன்று, வர மூன்றில் ஒன்று, அவசரத்துக்கு மூன்றில் ஒன்று என்பது கடல் வழக்கம். அந்தக் கணக்கில் முதல் பகுதியில் நீங்கள் தேர்ந்தெடுத்த கடலுக்கான தூரம் அடங்குகிறதா என்று பாருங்கள்.

இனி ஸ்டியரிங்கை விட்டு இறங்கி, உங்கள் மனைவியோ கணவரோ உட்காரப் போகும் இருக்கையில் உட்கார்ந்து கால்மணி நேரம் பயணம் செய்யுங்கள். ஓட்டுபவர் கைப்பிடியைப் பிடித்து அலையை எதிர்பார்த்து நிற்கிறார். முன்னால் உட்கார்ந்தவருக்கு அந்த வசதி இல்லை. இறுதியில் பதினைந்து நிமிடம் மோட்டாரை நிறுத்தி, அலைக்குப் பக்கவாட்டில் மிதக்க விடுங்கள். யாருடைய முகம் வெளிறுகிறது என்று அப்போது தெரிந்துவிடும்.

கரையேறியதும் பில்ஜைத் திறந்து பாருங்கள். கிளம்பும்போது உலர்ந்திருந்த இடத்தில் இப்போது நீர் இருந்தால் அது எங்கிருந்தோ வந்திருக்கிறது.

11. சர்வேயர், விலை, பத்திரம்

இவ்வளவும் தேறிய பிறகே சர்வேயரை அழையுங்கள். முதலிலேயே அழைத்தால், நீங்களே கழித்திருக்கக்கூடிய படகுகளுக்கெல்லாம் கட்டணம் கொடுப்பீர்கள். அவர் கடல்சார் சர்வேயர்களின் சங்கங்களான சாம்ஸ் அல்லது நாம்ஸ் அமைப்பின் உறுப்பினராக இருக்கட்டும். விற்பவரோ தரகரோ பரிந்துரைத்தவராக வேண்டாம். பழைய படகுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் அந்த அறிக்கையைக் கேட்கும், ஆகவே அது இரட்டைப் பயன் தரும் செலவு.

விலை பேசும்போது பொதுவாகக் குறைக்கச் சொல்லாமல், அறிக்கையிலுள்ள ஒவ்வொரு குறைக்கும் பட்டறையிடம் மதிப்பீடு வாங்கி அந்தத் தொகையைக் கழிக்கச் சொல்லுங்கள். எண்ணோடு பேசினால் விற்பவரும் எண்ணோடு பதில் சொல்வார்.

பணத்தைக் கவுன்டி வரி வசூல் அலுவலகத்தில் வைத்தே கைமாற்றுங்கள். கடன் பாக்கி இருந்தால் அங்கேயே தெரியும், பெயர் மாற்றமும் அன்றே முடியும். வாங்கியபின் 30 நாளுக்குள் பெயர் மாற்றியாக வேண்டும். 2,000 பவுண்டும் அதற்கு மேலும் எடையுள்ள டிரெய்லருக்குத் தனிப் பத்திரம் உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். டெக்சாஸ் போல இங்கே மோட்டாருக்கெனத் தனிப் பத்திரம் இல்லாததால், அதன் வரிசை எண்ணை விற்பனைச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

12. முதல் பயணத்துக்கு முன்

1988 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர், 10 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள படகை ஃபுளோரிடாவில் ஓட்டப் படகுப் பாதுகாப்புக் கல்வி அட்டை வேண்டும். 26 அடிக்குக் குறைந்த படகு ஓடும்போது 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் உயிர்காப்புச் சட்டை அணிந்திருக்க வேண்டும். மாநில எல்லைக்கு அப்பாலுள்ள கூட்டாட்சிக் கடற்பகுதியில் அந்த வயது 13. வயதைக் கணக்கிடாமல் எல்லாக் குழந்தைகளுக்கும் போட்டுவிடுவதே எளிது. 2021 ஏப்ரல் 1 முதல், இத்தகைய படகு வேகமெடுத்து ஓடும்போது மோட்டார் நிறுத்தக் கயிற்றை ஓட்டுபவர் உடலில் மாட்டிக்கொள்வதும் கட்டாயம்.

பழைய படகுக்கே உரிய ஒரு கண்ணி உண்டு. படகின் விஎச்எஃப் (கடல் தொடர்பு) ரேடியோவின் அபாயப் பொத்தானை அழுத்தினால் அதில் பதிந்த ஒன்பது இலக்க அடையாள எண் போகும். அது முந்தைய உரிமையாளருடையது. தேடுபவர்கள் அவர் வீட்டுக்குத்தான் தொலைபேசி செய்வார்கள். புது எண் வாங்கி ரேடியோவில் மாற்றுங்கள். பல ரேடியோக்களைத் தயாரிப்பாளரிடம் அனுப்பித்தான் மாற்ற முடியும். படகோடு அவசர இடங்காட்டிக் கருவி வந்தால் அதையும் அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவாவில் உங்கள் பெயருக்குப் பதிவு செய்யுங்கள். கூடவே வந்த தீச்சுடர்களின் தேதியையும் பாருங்கள், அவை தயாரித்த 42 மாதத்தில் காலாவதியாகும்.

முதல் மூன்று பயணங்களைக் கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள், ஓதம் ஏறும் வேளையில் முகத்துவாரம் கடக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து தொட்டியை நிரப்பி, மானி காட்டியதையும் உண்மையில் ஊற்றிய கேலனையும் ஒரு நோட்டில் அருகருகே எழுதி வாருங்கள். பழைய படகுகளின் மானி பாதி என்று காட்டும்போது மீதம் எவ்வளவு என்பதை அந்த நோட்டுதான் சொல்லும்.